நீலப்புகைப் படலம்

இவ்வாராய்ச்சிக்கு வடக்கே கள்ளிக்குடியும் தெற்கே சாத்தூரும் மேற்கே ராஜபாளையமும் கிழக்கே அருப்புக்கோட்டையும் எல்லை. எல்லை வகுக்காமல் நூல் தொடங்கலாகாது என்பது மரபு. எல்லை தாண்டி வண்டி நின்றால் கட்டி இழுக்கும் செலவு கூடும் என்பது அனுபவம். இரண்டையும் கருதியே வகுக்கப்பட்டது.

ஆராயப்படும் பொருள், டி.என். 67 எண் தாங்கியதும், வீட்டில் ‘பெரிய வண்டி’ என வழங்குவதும், சீட்டுக் கணக்கைவிட எப்போதும் நாலு பேர் கூடுதலாக ஏறுவதுமாகிய பழைய டீசல் வாகனம். 1994-ல் வந்த டாடா சுமோவும் 2000-ல் வந்த மஹிந்திரா பொலிரோவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. ஆயினும் குட்டி ஜப்பான் எனப்படும் சிவகாசிக்குப் பெரிய ஜப்பான் அனுப்பிவைத்த டொயோட்டா குவாலிஸுக்கே இங்கு முதல் மரியாதை. பெங்களூரை அடுத்த பிடதியில் தயாராகி, 2000-ல் விற்பனைக்கு வந்து, 2005-ல் இன்னோவாவுக்கு இடம்விட்டு ஒதுங்கியது அது. ஒதுங்கிய செய்தி இப்பக்கம் வந்து சேரவில்லை போலும். 2446 சிசி என்ஜினோடு சீசனுக்குக் குற்றாலமும் ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடியும் இன்றும் போய்வருகிறது.

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, 1897-ல், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் ருடால்ஃப் டீசல் குச்சியும் பொறியும் வேண்டாத என்ஜினை ஓட்டிக் காட்டிவிட்டார். இந்தப் பழைய வண்டிகளில் உள்ளிழுத்த காற்றை இருபதில் ஒரு பங்குக்கும் கீழாக பிஸ்டன் நெருக்குகிறது. காற்று 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். நெருக்கம் கசியத் தொடங்குவதே என்ஜினின் முதுமை. விடிகாலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கியும் வண்டி பற்றாமல் நின்றால், தீயை விற்றுப் பிழைக்கும் ஊர்க்காரருக்கு வரும் மானக்கேடு மற்ற ஊராருக்கு விளங்காது.

பழைய என்ஜினை அணுகும் முறை ஓலைச்சுவடி பதிப்பிக்கும் முறையேயாம். மூலபாடம் பிடதியில் எழுதப்பட்டது. அதன்மேல் இருபது ஆண்டுகளாகப் பல பட்டறைகளின் உரை ஏறியிருக்கிறது. ஏடு சிதைந்த இடங்களில் பிறர் சரக்கு புகுந்திருக்கிறது: வேறு வண்டியின் ரேடியேட்டர் ஹோஸ், கிணற்று மோட்டாரிலிருந்து கழற்றிய கிளாம்ப், சைக்கிள் டியூப் சுற்றிய வயர். எது மூலம், எது இடைச்செருகல் என்று பிரித்தறியவே, பானெட்டைத் தூக்கியதும் மெக்கானிக் கேட்கிறார்:

“அண்ணாச்சி, இதுல யாரு கை வச்சது?”

“திருத்தங்கல்ல ஒரு பையன் பாத்தான்.”

“அதான.”

முந்தைய உரையாசிரியர் அத்தோடு முடிந்தார். அவர் என்ன செய்தார், ஏன் செய்தார் என்ற விசாரணையே இல்லை. நச்சினார்க்கினியருக்குக்கூடப் பிறர் கருத்தை எடுத்துச் சொல்லிவிட்டு மறுக்கும் பொறுமை இருந்தது.

இனி, புகை. இத்துறையில் இவ்வட்டாரத்துக்கு நிகரில்லை. ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, சோடியம் மஞ்சள், செம்பு நீலம் என்று வேதியியலைப் பிழைப்பாகவே கற்றவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. வாணவேடிக்கையில் மிகக் கடினமான நிறம் நீலம். செம்பு தரும் அந்நிறம் வெப்பம் கொஞ்சம் கூடினாலே வெளிறிவிடும். அதற்காகப் பட்டாசாலை ஃபோர்மேன்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் ஊரில், வயதான பெரிய வண்டி ஒன்று ஆக்சிலேட்டரை மிதித்த மாத்திரத்தில் நல்ல நீலத்தைத் தள்ளிவிட்டுப் போகிறது.

காரணம் ஆயில். தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாக மேலேறியோ, வால்வு சீல் வழியாகக் கீழிறங்கியோ சிலிண்டருக்குள் எரிகிறது. எவ்வழி என்றறிய, வண்டியை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, எடுக்காமல் அப்படியே மேலே வைக்க வேண்டும். மூடி சும்மா இருந்தால் வால்வு சீலைச் சந்தேகிக்கலாம். துள்ளித் துள்ளி ஆடி, ஓரங்களில் குபுகுபுவென்று புகை கிளம்பினால் ரிங். “பேக் கம்ப்ரஷன் அடிக்குது” என்பார் மெக்கானிக். இதைக் கழிவுத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னால் இன்னும் ஆறு மாதம் ஆயில் ஊற்றி ஓட்டலாம். துடைக்காமல் நின்று, முகத்தைப் பார்த்துச் சொன்னால் என்ஜினை இறக்க வேண்டும்.

பச்சைப் புகை எந்த வண்டியிலும் வருவதில்லை. பச்சைக்கு வேண்டிய பேரியம் உப்பைப் பட்டாசில் சேர்க்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை விதித்தது. பெரிய வண்டிகள் ஷோரூமை விட்டு வந்த நாள் முதலே அதற்குக் கட்டுப்பட்டு நடக்கின்றன.

கறுப்புக்கு நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் கொட்டும் கரிசல் புழுதியே சாட்சி. ஃபில்டர் மாற்றியும் போகாவிட்டால் நாசிலைச் சோதிக்க.

வெள்ளையில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். குளிரில் டீசல் சரியாக எரியாததால் வருவது, ஹீட்டர் பிளக் மாற்றினால் தீரும் என்பது ஒரு கட்சி. இவ்வூரில் குளிர் என்பது மார்கழியில் சில விடியற்காலைகளே என்பதால் அக்கட்சி பலவீனமானது. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் போயிற்றென்க. பல வீடுகளில் அதன் மூலகாரணம் போர்வெல்லில் இருக்கிறது. கூலண்ட் விலையைக் கேட்டு மனம் கசந்தவர்கள் உப்புத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். உப்பு படிந்து ரேடியேட்டரின் சன்னக் குழாய்களை அடைக்கிறது. பிறகு ஒரு சித்திரை மத்தியானம், நான்குவழிச் சாலையில், ஏசி ஓட, பின்சீட்டில் சம்பந்தி வீட்டார் அமர்ந்திருக்க, டெம்பரேச்சர் முள் மேலேறுகிறது.

அந்தக் கணம்தான் இத்துறையின் மொத்தச் சாரம். உடனே ஓரங்கட்டினால் ஹோஸோ பெல்ட்டோ தெர்மோஸ்டாட்டோ மாற்றுவதோடு பெரும்பாலும் போய்விடும். “விருதுநகர் வந்திரும், பரோட்டா சாப்புட்டுப் பாத்துக்கலாம்” என்று ஓட்டினால் ஹெட் வளைகிறது. அதைக் கழற்றி, லேத்துக்குக் கொண்டுபோய் ஃபேசிங் செய்து, புது கேஸ்கெட் வைத்துப் பூட்டுகிறார்கள். விருதுநகர் எண்ணெய் பரோட்டா ருசியில் குறையில்லாததுதான். ஆனாலும் ஒரு செட்டுக்கு அவ்வளவு விலை ஆகாது.

வண்டியை விற்பதே பரிகாரம் என்போரும் உளர், பெரும்பாலும் மருமக்கள். பதினைந்து ஆண்டில் பதிவுச் சான்று முடிந்தாலும், தகுதி பார்த்து, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கச் சட்டமே இடம் தருவதாலும், ‘அப்பா வாங்கின வண்டி’ என்ற வாதத்துக்கு எதிர்வாதம் இதுவரை கண்டுபிடிக்கப்படாததாலும் அது பொருந்தாது.

எனவே வண்டி வைத்திருப்போருக்கு ஒரு விண்ணப்பம். நாளைக் காலை என்ஜின் ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் ஆயில் டிப் ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலோ, ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறியிருந்தாலோ ஸ்டார்ட் பண்ணாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்.