பழைய கணினிக்கு எந்த எஸ்எஸ்டி?

கேள்வி: பத்து வருடக் கணினி. அது திறப்பதற்குள் காபியே குடித்து முடித்துவிடுகிறேன். எஸ்எஸ்டி போடலாமா?

பதில்: தாராளமாக! காபியைத்தான் இனி அவசரமாகக் குடிக்க வேண்டியிருக்கும். 2.5 அங்குல சாட்டா டிரைவே உங்களுக்குப் போதும். அது நொடிக்குச் சுமார் 550 எம்பி படிக்கும். என்விஎம்இ என்ற இன்னும் வேகமான வகை 3,000-ஐத் தாண்டும்தான். ஆனால் சுழலும் ஹார்ட் டிஸ்கிலிருந்து வருபவருக்கு முதல் தாவலே பெரிய தாவல். எம்.2 ஸ்லாட் இருந்தால், அது சாட்டாவா என்விஎம்இயா என்று மதர்போர்டு கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரு நினைவகச் செல்லில் நான்கு பிட் திணிக்கும் கியூஎல்சியைவிட, மூன்றோடு நிறுத்தும் டிஎல்சி அதிகம் எழுதத் தாங்கும்; என் ஓட்டு அதற்கே. 500 ஜிபி எடுங்கள். எஸ்எஸ்டி பெரும்பாலும் சத்தமில்லாமல் சாகும். குடும்பப் படங்களுக்கு இன்னொரு நகல் கட்டாயம் வையுங்கள்.