கியர் பெட்டியைக் காலாலேயே ஒழிப்பது எப்படி?

ஈப்போ சிலிபினில் கப்சாய் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருக்குப் புதிதாகப் பாடம் வேண்டாம். பாதி வேலையை ஏற்கெனவே செய்கிறீர்கள். மீதியை வரிசைப்படுத்தித் தருகிறேன், அவ்வளவுதான்.

1. கப்சாய்க்குக் கிளட்ச் கிடையாது என்று நம்புங்கள். கைப்பிடியில் காணோமே! 1958இல் சூப்பர் கப் வந்தபோதே ஹோண்டா அதைக் காலடிக்குக் கொண்டுபோய்விட்டது. மிதித்தால் கிளட்ச் விடும். காலை எடுத்தால் பிடிக்கும். இது தெரிந்தால் மெல்ல மிதிக்கத் தோன்றும். எதற்கு வம்பு?

2. ஓடும்போது சிலிப்பர் காலைக் கியர் மிதியின் மேலேயே கிடத்துங்கள். கிளட்ச் விடவும் மாட்டாமல் பிடிக்கவும் மாட்டாமல் உரசிக்கொண்டே வரும். உங்களுக்கு ஓய்வு, அதற்குத் தேய்வு.

3. ஜாலான் சிலிபின் சிவப்பு விளக்கில் நான்காம் கியரிலேயே நில்லுங்கள். பச்சை விழுந்ததும் அப்படியே முறுக்குங்கள். எஞ்சின் அலறும், வண்டி ஊர்ந்துதான் நகரும். பின்னால் வருபவர் ஹார்ன் அடிப்பார். பாராட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

4. கியரை முழுசாக மிதிக்காதீர்கள். அரை மிதி போதும். பல்சக்கரத்தின் பக்கவாட்டுக் கொம்புகள் பக்கத்துச் சக்கரத்தின் குழியில் இறங்காமல் விளிம்போடு விளிம்பு இடிக்கும். ‘கடக்!’ இடித்து இடித்து விளிம்பு மழுங்கியதும் கியர் தானாகவே கழன்று விழும். காலுக்கு வேலை மிச்சம்.

5. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு நான்காம் கியரிலேயே ஏறுங்கள். சங்கிலி வெடவெடக்கும். இறங்கும்போது வேகத்தைக் குறைக்காமல் ‘டக், டக், டக்’கென்று ஒன்றாம் கியருக்கு வாருங்கள். கொஞ்சம் முறுக்கிக்கொடுத்து, மிதியை மெதுவாக விடுவதெல்லாம் பொறுமைசாலிகள் வேலை. பின்டயர் கீச்சிடும் அந்த உலுக்கல் பல்சக்கரம் வரை போய்ச் சேரும்.

6. எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே கறுப்பெண்ணெய். மொத்தம் ஒரு லிட்டர்கூட வராது. அதைப் போய் மாற்றுவானேன்? மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் மாமா காருக்கு ஊற்றிய மிச்சத்தை ஊற்றுங்கள். காருக்கென்று அதில் சேர்த்த வழுக்கல் மருந்து கிளட்ச்சையும் வழுக்கவைக்கும்.

7. இனி மோட்டார் கடை. கடைக்காரத் தவுக்கே எண்ணெயை வடிப்பார். தட்டை வெயிலில் சாய்த்தால் கறுப்புக்குள் வெள்ளிப்பொடி மினுங்கும். அது உங்கள் கியர். விரலில் தொட்டு உங்கள் முகத்துக்கு நேரே நீட்டுவார். கலங்காதீர்கள்.

“கிளட்ச் எப்படிப் பிடிக்கிறீங்க?” என்பார்.

சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்: “கப்சாய்க்கு ஏது தவுக்கே கிளட்ச்?”