கரையிலேயே கேளுங்கள்!

கடலே இல்லாத சேலத்தில் மோட்டார் படகைப் பற்றி என்ன பேச்சு? (அஸ்தம்பட்டி)

உங்கள் ரவுண்டானாவிலிருந்து ஏறினால் ஏற்காடு ஏரி. மேற்கே போனால் மேட்டூர் அணை. பூலாம்பட்டியில் காவிரியைத் தாண்டி நெரிஞ்சிப்பேட்டை போக விசைப்படகுதான் பஸ். கடல் இல்லாதது கடலின் குறை!

வெள்ளைக்காரர்கள் வசந்தத்தில் படகைச் சோதிப்பார்களாமே, நமக்கு எப்போது? (ஏற்காடு)

குளிரில் அங்கே ஏரி உறையும், படகு தூங்கும், வசந்தத்தில் எழுப்புவார்கள். இங்கே ஏரி உறையாது, உரிமையாளர்தான் உறைவார். பங்குனியிலேயே பார்த்துவிடுங்கள். மே மாதக் கோடை விழாவன்று ஸ்பேனர் தேடுவது, பரீட்சை ஹாலில் பாடப்புத்தகம் தேடுவதுபோல.

முதலில் பார்க்க வேண்டியது? (ஓமலூர்)

மழைநீர் வடியக் கழற்றி வைத்தீர்களே, படகின் அடிமூடி, அது! மாட்டாமல் இறக்கினால் நீர்மூழ்கிக் கப்பலுக்கு நீங்கள்தான் கேப்டன்.

இன்ஜினுக்குக் குளிர்நீர் போகிறதா என்று எப்படி அறிவது? (பூலாம்பட்டி)

ஓடும்போது அதன் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கிழிந்திருக்கலாம், துளை அடைத்திருக்கலாம். கரையில் தண்ணீரில்லாமல் ஸ்டார்ட் செய்து 'சவுண்டு' கேட்டவர்களுக்கு முதல் காரணம் உறுதி. நீர்க்கடுப்பு மனிதனுக்கு மட்டுமா?

கியர் ஆயில் வெள்ளையாகக் கலங்கி வருகிறது. மாற்றினால் போதுமா? (எடப்பாடி)

உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. புரொப்பல்லர் தண்டில் தூண்டில் நரம்பு சுற்றி சீலை அறுத்திருக்கிறதா, பாருங்கள். சீலை விட்டு ஆயிலை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால், ஆயில் கடைக்காரர் குடும்பத்தோடு வாழ்த்துவார்.

போன வருஷப் பெட்ரோல் டேங்கில் கிடக்கிறது. ஓட்டலாமா? (ஆத்தூர்)

இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதம் வரை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். சாராயச் சத்து இருக்குமிடத்தில் தண்ணீர் வந்து சேராமலா இருக்கும்? வடித்துவிடுங்கள்.

லாரி ஊர்க்காரன் நான். டிரெய்லரைப் பற்றி எனக்கே பாடமா? (சங்ககிரி)

உங்கள் லாரி ஹப் முங்கத் தண்ணீரில் இறங்குவதில்லையே, அண்ணே! ஓடிச் சூடான ஹப் சட்டென்று குளிர்ந்தால் உள்காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் கெட்டு பேரிங் கத்தும். இறக்குமுன் ஆறவிடுங்கள். டீ குடித்து நேரம் போக்கச் சங்ககிரிக்குச் சொல்லித்தர வேண்டுமா?

டிரெய்லர் டயரில் பட்டன் தேயவேயில்லை. மாற்றணுமா? (நாமக்கல்)

சும்மா நிற்கிற டயர் தேயாது, கிழடாகும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1216 என்றால் 2016-ன் 12-ஆம் வாரம் பிறந்தது. ரப்பர் வெடிப்பு விட்டிருந்தால் பென்ஷன் கொடுத்து அனுப்புங்கள்.

ஏற்காட்டிலிருந்து படகோடு இறங்க யோசனை? (கன்னங்குறிச்சி)

20 கொண்டை ஊசி வளைவுகள். கீழ் கியரில் இறங்குங்கள், பிரேக் சூடேறினால் பிடிப்புப் போய்விடும். காப்புச் சங்கிலி இரண்டையும் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றால் படகே உங்களை ஓவர்டேக் செய்யும், ஹாரன்கூட அடிக்காமல்.

மேட்டூரில் நீர் வற்றும்போது கவனிக்க வேண்டியது? (கொளத்தூர்)

1934-இல் கட்டி முடித்த அணை, முழுமட்டம் 120 அடி. மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடியில் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். நந்தியைக் கண்ணால் தரிசியுங்கள், புரொப்பல்லரால் வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட் போட்டால் வியர்க்கிறதே? (தாரமங்கலம்)

2009-இல் தேக்கடியில் 45 பேர், 2023-இல் தானூரில் 22 பேர் படகு கவிழ்ந்து மாண்டார்கள். வியர்வை உயிரோடிருப்பவர்களுக்கு மட்டுமே வரும். கிழிந்த பட்டையை இப்போதே தைத்து வையுங்கள்.

எல்லாம் பார்த்தாச்சு. இன்ஜினை நிறுத்தும் அந்தச் சுருள்கயிறு அவசியமா? (ஜாகீர் அம்மாபாளையம்)

கட்டாயம் மாட்டுங்கள். நாம் இல்லாமலும் உலகம் சுழலும் என்பது தத்துவம். நாம் தவறி விழுந்தால் படகும் சுழலும், அதுவும் நம்மைச் சுற்றியே!