பஞ்சகல்யாணியும் பயத்தம்பணியாரமும்

(புளியங்கூடலில் ஒரு பெரிய வீட்டின் பின்வளவு. காருக்கென்று கட்டிய கொட்டிலில் குதிரை நிற்கிறது. நுவரெலியா ஓட்டத்திலிருந்து இளைப்பாறி, இப்போது கலியாணங்களில் மாப்பிள்ளை சுமக்கிறது. சொந்தக்காரர் லண்டனிலிருந்து திரும்பியவர். பார்க்க வந்திருப்பவர் மிருக வைத்தியக் கந்தோரில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். "மாட்டு டொக்டர்" என்பது ஊர் கொடுத்த பட்டம். குதிரைக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை, பலகாரம்தான் கொடுத்தார்கள்.)

தம்பி: வாங்கோ அண்ணை. கன நாளா ஒரே கரைச்சல். ஒரு கிழமை தண்ணியாப் போகுது, அடுத்த கிழமை லத்தியே இல்லை. முன்னங்காலாலை நிலத்தைக் கிண்டும், திரும்பித் திரும்பி விலாவைப் பாக்கும். போன கலியாணத்திலை மண்டப வாசல்லையே படுத்து உருண்டிட்டுது.

அண்ணை: மாப்பிள்ளை?

தம்பி: அவர் இறங்கீட்டார். தலைப்பாதான் அடியிலை போட்டுது.

அண்ணை: அப்ப சகுனம் பரவாயில்லை. என்ன தீத்துறீர்?

தம்பி: ஒண்டுக்கும் குறை வைக்கேல்லை. காலமை அவிச்ச கடலை. மத்தியானம் சோறும் தவிடும். பின்னேரம் கரட், அப்பிள். கலியாண வீட்டிலை சனம் ஆசைப்பட்டு லட்டு, பயத்தம்பணியாரம் தீத்தும். படம் எடுக்க வேணுமெல்லோ.

அண்ணை: புல்லு?

தம்பி: இரவிலை ஒரு சின்னக் கட்டு. புல்லிலை என்ன சத்து இருக்கு?

அண்ணை: அதுக்கும் ஒரு லண்டன் பாஸ்போட் எடுத்துக் குடும். புல்லை அடியோடை மறந்திடும்.

தம்பி: பகிடி விடாதேங்கோ. மருந்தைச் சொல்லுங்கோ, என்ன விலை எண்டாலும் எடுப்பிக்கலாம்.

அண்ணை: முதல் வயித்தைச் சொல்லுறன். உந்தப் பெரிய உடம்புக்கு இரைப்பை 8 தொடக்கம் 15 லீற்றர்தான் கொள்ளும். மாடு மாதிரி நாலு அறையும் இல்லை, அசைபோடுறதும் இல்லை. புல்லு செமிக்கிறது பின்னாலை, குருட்டுக்குடலிலையும் பெருங்குடலிலையும். அங்கை கோடிக்கணக்கிலை நுண்ணுயிர் இருந்து நாரைப் புளிக்கவைக்குது. நீர் சோத்தையும் கடலையையும் ஒரேயடியாக் கொட்ட, சிறுகுடல் முடிக்க மாட்டாமல் பின்னுக்குத் தள்ளிவிடும். மாச்சத்து அங்கை போய்ப் புளிச்சு, அமிலம் கூடி, நாரிலை சீவிக்கிற நுண்ணுயிர் சாகும். பிறகு வாயு, குத்து, கழிச்சல். மிஞ்சினால் குளம்புக்குள்ளை அழற்சி. அந்தக் கட்டத்திலை மாப்பிள்ளைதான் குதிரையைச் சுமக்க வேணும்.

தம்பி: ஒருக்காச் சத்தியெடுத்தால் சுகப்படுமெல்லோ?

அண்ணை: குதிரை சத்தியெடுக்காது. இரைப்பை வாசல் அவ்வளவு இறுக்கம். உள்ளை போனது பின்னாலைதான் வரவேணும். ஆனால் நீர் முதல் ஆளில்லை, கவலைப்படாதேயும். மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டு முடிவிலை பாண்டிநாட்டைப் பாத்து எழுதி வைச்சிருக்கிறார். வருசா வருசம் ஆயிரக்கணக்கிலை குதிரை கப்பலிலை வந்து இறங்குமாம், வருச முடிவிலை நூறுகூட மிஞ்சாதாம். தீனி என்னெண்டால் இறைச்சியோடை அவிச்ச சோறு. வைத்தியம் தெரிஞ்சவனை அந்தப் பக்கம் போக யாவாரிமார் விடமாட்டினமாம். பழசு செத்தால்தானே புதுசு விக்கலாம்.

தம்பி: அப்ப எங்கட ஆக்கள் பிரியாணி குடுத்திருக்கினம்.

அண்ணை: நீர் அதைச் சைவமாக்கினது ஒரு முன்னேற்றம்தான்.

தம்பி: அது பாண்டிநாடு. எங்கட தீவுப்பக்கம் குதிரை ஏது, வெள்ளைக்காரன் வரமுந்தி?

அண்ணை: நயினாதீவு அம்மன் கோயிலிலை முதலாம் பராக்கிரமபாகுவின்ரை தமிழ்க் கல்வெட்டு இருக்கு, 12ஆம் நூற்றாண்டு. தனக்கு யானையும் குதிரையும் கொண்டுவாற கப்பல் உடைஞ்சால் நாலிலை ஒரு பங்குதான் திறைசேரிக்கு, மிச்சம் சொந்தக்காரனுக்கு. வேறை சரக்குக் கப்பல் எண்டால் பாதிக்குப் பாதி. உதிலை கிடக்கிற ஊராத்துறையைப் பற்றித்தான் கதை. குதிரைக்காரனுக்கு ராசா அவ்வளவு சலுகை குடுத்திருக்கிறார். வயித்துக்குத்துக்குத்தான் கல்லிலை ஒண்டும் வெட்டேல்லை.

தம்பி: அதுக்கு என்னட்டை மருந்து இருக்கு. லண்டனிலை இருந்து கொண்டந்த பியூட் பவுடர். நொந்தால் ஒரு பக்கற்.

அண்ணை: நோகாத நாளிலை?

தம்பி: நோகாமல் இருக்க ஒரு பக்கற்.

அண்ணை: அது பினைல்பியூட்டசோன். நோவை மூடும், கூடிப்போனால் இரைப்பையையும் பெருங்குடலின்ரை வலப்பக்கத்தையும் புண்ணாக்கும். குதிரைக்கு இரைப்பை அமிலம் இரவு பகலா ஊறும், திண்டாலும் தின்னாட்டிலும். அதை ஆத்துற உமிழ்நீர் சப்பேக்கை மட்டும்தான் சுரக்கும். நீர் புல்லைப் பூட்டி வைச்சிட்டு மேலாலை பியூட்டைத் தூவுறீர். புண்ணுக்கு இதைவிட நல்ல பயிர்ச்செய்கை ஆரும் செய்ய மாட்டினம்.

தம்பி: நேற்றுப் போத்தலாலை ஓமத்தண்ணியும் நல்லெண்ணெயும் பருக்கினனான்.

அண்ணை: இருமினதோ?

தம்பி: கொஞ்சம்.

அண்ணை: அது நுரையீரலுக்குப் போன பங்கு. எண்ணெய் வேணுமெண்டால் மிருக வைத்தியர் மூக்காலை குழாய் விட்டு இரைப்பைக்கை இறக்குவார். வாயிலை ஊத்தப்படாது. இப்ப ஒரு சொப்பிங் பை கொண்டாரும்.

(நிலத்தில் படாத புது லத்தியாய்ப் பார்த்து நாலைந்து உருண்டையைப் பையில் போட்டு, தண்ணீர் விட்டுக் கரைத்து, தூணில் தொங்கவிடுகிறார். கால் மணித்தியாலம் போகிறது. தம்பி அதையும் படம் எடுக்கிறார். பையின் மூலையில் மணல் படிந்து கிடக்கிறது.)

தம்பி: இது எங்கட வளவு மணல்!

அண்ணை: உறுதி எழுதாமல் உம்மட காணியை விழுங்கியிருக்கு. தீனியை நிலத்திலை கொட்டுறீர், ஒவ்வொரு வாயோடையும் மணல் போகுது. பெருங்குடலின்ரை அடியிலை குந்தியிருந்து அரிக்கும், ஒருநாள் கழிச்சல், ஒருநாள் அடைப்பு. தண்ணி என்ன குடிக்குது?

தம்பி: கிணத்துத் தண்ணி. உவர் எண்டபடியாலை வாயை வைச்சிட்டு எடுத்திடும்.

அண்ணை: இந்த வெக்கைக்கு நாளைக்கு 30, 40 லீற்றர் குடிக்க வேணும். குடிக்காட்டில் உள்ளை எல்லாம் காய்ஞ்சு இறுகும்.

தம்பி: பவுசர்த் தண்ணி சனத்துக்கே காணாது. குதிரைக்கு ஊத்தினால் ஊர் பேசும்.

அண்ணை: பேசத்தான் வேணும். உதை வாங்க முந்தி யோசிச்சிருக்க வேண்டிய கணக்கு அது.

தம்பி: நெடுந்தீவுக் குதிரைக்கு ஆர் உதெல்லாம் பாக்கினம்? குறிகட்டுவானிலை போட் ஏறிப்போய்ப் பாத்தனான், என்ன வடிவு!

அண்ணை: அதுகள் ஒல்லாந்தரும் இங்கிலீசுக்காரரும் வளர்த்துவிட்டுப் போன குதிரையின்ரை வழி. நாள் முழுக்க நடந்து நடந்து புல்லுக் கரம்புது. குதிரை வயித்துக்கு அதுதான் உத்தியோகம். ஆனால் வரட்சியிலை குட்டை வத்தினால் தண்ணியில்லாமல் சாகுதுகள். 2015இலை அந்தப் பக்கத்தைத் தேசியப் பூங்கா எண்டு அறிவிச்சாச்சு. அறிவித்தலை நக்கிக் குடிக்கேலாதெல்லோ. நீர் போகேக்கை கரட் கொண்டு போனீரோ, தண்ணி கொண்டு போனீரோ?

தம்பி: கமரா கொண்டு போனனான்.

அண்ணை: எல்லாரும் அப்பிடித்தான்.

தம்பி: சரி, இப்ப நான் என்ன செய்ய?

அண்ணை: பியூட்டை நிப்பாட்டும். மிருக வைத்தியரைக் கூப்பிட்டுப் பல்லைக் காட்டும். கடைவாய்ப் பல்லு கூராகியிருந்தால் அரத்தாலை ராவவேணும், இல்லாட்டில் புல்லைக் குதப்பித் துப்பும். லத்தியைக் குடுத்துப் புழு முட்டை எண்ணுவியும். முட்டை இல்லையெண்டாலும் குடல் சுவரிலை குஞ்சுப்புழு ஒளிச்சிருக்கலாம், அதையும் அவரிட்டைக் கேளும். மணலுக்கு இசப்கோல் குடுக்கலாமோ, புண்ணுக்கு ஒமெப்ரசோல் வேணுமோ எண்டு அவர் சொல்லட்டும். புல்லைப் பகல் இரவாத் தொட்டியிலை வையும். சோத்தையும் கடலையையும் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும், ஒரே நாளிலை மாத்தினால் அதுக்கும் குத்தும். பணியாரம் இண்டையோடை சரி.

தம்பி: வெள்ளிக்கிழமை கலியாணம் ஒண்டு ஏற்றிருக்கிறன். அட்வான்சும் வாங்கியாச்சு.

அண்ணை: காதை விலாவிலை வைச்சுக் கேளும். சுகமான குதிரையின்ரை வயித்திலை எப்பவும் இரைச்சல் இருக்கும், சத்தம் அடங்கினால்தான் பயம். நாடி நிமிசத்துக்கு 28 தொடக்கம் 44. அது 60ஐத் தாண்டி, வேர்த்து உருண்டால் என்னைத் தேடாதேயும், நேரை மிருக வைத்தியருக்கு அடியும். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை நடந்து வரட்டும். அவருக்குப் பயத்தம்பணியாரம் செமிக்கும்.