மொட்டை மலைக்கு ஒரு மிதி

தெற்குப் பிரான்ஸின் புரோவான்ஸ் சமவெளியில் தன்னந்தனியாக நிற்கிறது மோன் வான்டூ. கோடை பிறந்தால் உலகின் பல மூலைகளிலிருந்தும் சைக்கிள்காரர்கள் அங்கே வந்து சேர்கிறார்கள். ஐரோப்பியச் சுற்றுலாவில் ஒரு நாளை இந்த மலைக்கு ஒதுக்க நினைக்கும் வாசகர்களின் கேள்விகள் இவை.

கேள்வி: ஆல்ப்ஸில் கலிபியே கணவாய் 2,642 மீட்டர். வான்டூ 1,910 மீட்டர்தான். குள்ளமான மலைக்கு ஏன் இவ்வளவு பெரிய பெயர்?

பதில்: உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறார்கள். கால்களோ அடிவாரத்திலிருந்து அளக்கின்றன. அடிவாரத்தில் உள்ள பெதுவான் கிராமம் கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு 21 கிலோமீட்டர் சொச்சம். அதற்குள் ஏறவேண்டிய உயரம் சுமார் 1,600 மீட்டர். முதல் ஐந்தாறு கிலோமீட்டர் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சுகமாகப் போகும். பலரும் ஏமாறுவது அங்கேதான். உற்சாகத்தில் பலத்தையெல்லாம் செலவழித்துவிடுகிறார்கள். சான்டெஸ்தேவ் வளைவு தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் சரிவு 9, 10 சதவீதமாகிறது. ஷாலே ரேனார் என்ற இடம்வரை ஒன்பது கிலோமீட்டருக்கு அது இறங்கிவருவதே இல்லை. ஆல்ப்ஸ் சாலைகளில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கால் ஒரு நொடி இளைப்பாறும். இந்தக் காட்டில் அந்தச் சலுகை அபூர்வம்.

கேள்வி: ஜூலை மாதப் படத்திலும் உச்சி வெள்ளையாக இருக்கிறதே, பனியா?

பதில்: சுண்ணாம்புக்கல். தூலோன் துறைமுகத்தில் கப்பல் கட்ட நூற்றாண்டுக் கணக்கில் இந்த மலையின் மரங்களை வெட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் மறுபடி மரம் நட்டதால் கீழ்ச்சரிவுகள் பச்சையாகிவிட்டன. உச்சி மட்டும் மொட்டையாகவே நிற்கிறது. சைக்கிள்காரருக்கு இதன் பொருள்: கடைசி ஆறு கிலோமீட்டரில் ஒரு மரநிழல் கிடையாது. மேலே வெயில், கீழே கல்லில் பட்டுத் திரும்பும் வெயில். காற்றைத் தடுக்கவும் எதுவும் இல்லை. உண்மையான பனி குளிர்காலத்தில் வரும். அப்போது உச்சிச் சாலையை மாதக்கணக்கில் மூடிவிடுவார்கள்.

கேள்வி: சைக்கிள் பந்தயத்தில் ஒருவர் இந்த மலையில் ஓடினாராமே?

பதில்: ஓடியவர் கிறிஸ் ஃபுரூம். 2016 ஜூலை 14, டூர் டி பிரான்ஸின் 12ஆவது கட்டம். மிஸ்த்ரால் காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியதால், உச்சியில் முடியவேண்டிய பந்தயத்தை ஷாலே ரேனாரிலேயே முடித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த அத்தனை கூட்டமும் அந்தக் குறுகிய சாலையில் நெருங்க, முன்னே போன மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது. மூன்று வீரர்கள் அதில் மோதினார்கள். ஃபுரூமின் சைக்கிள் உடைந்தது. பந்தயத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையில் இருந்த அவர், சைக்கிள் ஷூவோடு மலையேற ஓட ஆரம்பித்தார். நடுவர்கள் பின்னர் நேரத்தைத் திருத்தியதால் மஞ்சள் சட்டை அவரிடமே தங்கியது. அந்த ஆண்டின் டூரையும் அவரே வென்றார். பயணிக்கு இதில் உள்ள செய்தி காற்றைப் பற்றியது. உச்சியின் காற்று நிலவரத்தைக் காலையில் பார்க்காமல் கிளம்பவே கூடாது.

கேள்வி: வழியில் ஒரு நினைவுக் கல்லருகே தண்ணீர் பாட்டில்களை வைத்துவிட்டுப் போகிறார்களே, யாருக்காக?

பதில்: டாம் சிம்ப்சனுக்காக. 1965இல் உலகச் சாம்பியனான ஆங்கிலேயர். 1967 ஜூலை 13 அன்று டூரின் கொதிக்கும் வெயிலில், உச்சி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் விழுந்து இறந்தார். வயது 29. வெப்பம், நீரிழப்பு, உடலில் ஆம்ஃபெட்டமின் ஊக்கமருந்து, மது எல்லாம் சேர்ந்துகொண்டன. களைப்பு என்பது உடல் கொடுக்கும் எச்சரிக்கை. அந்த மருந்து எச்சரிக்கையை அணைத்துவிடுகிறது, ஆபத்தை அணைப்பதில்லை. அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்பது மரியாதை. தலைசுற்றல், வெயிலிலும் உடல் சிலிர்ப்பது, வியர்வை நின்றுபோவது என எது தெரிந்தாலும் உடனே திரும்பிவிடுவது அதைவிடப் பெரிய மரியாதை.

கேள்வி: சுலபமான வழி உண்டா?

பதில்: உண்டு. சோ என்ற ஊரிலிருந்து 26 கிலோமீட்டர். தூரம் கூடுதல், சரிவு பெரும்பாலும் சாது. ஷாலே ரேனாரில் பெதுவான் சாலையோடு சேர்ந்துகொள்ளும். மூன்றாவது வழி வடக்கே மலோசேனிலிருந்து. அது பெதுவானுக்குச் சளைத்ததல்ல. மூன்றிலும் ஒரே நாளில் ஏறியவர்களுக்கென்றே ஒரு மன்றம் இருக்கிறது!

சுலபவழி தேடியவர்களில் மூத்தவர் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க். 1336 ஏப்ரலில் தம்பியோடு மலோசேனிலிருந்து நடந்தே ஏறியதாகக் கடிதம் எழுதியிருக்கிறார். தம்பி செங்குத்தாக நேரே ஏறினார். அண்ணன் சாய்வான பாதை தேடிப் பள்ளத்தாக்குகளில் சுற்றி, கூடுதலாகக் களைத்தார். சோ சாலை அன்று இருந்திருந்தால் கவிஞர் பிழைத்திருப்பார்.

கேள்வி: வாடகை சைக்கிள் எடுக்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: பின்சக்கரத்தின் மிகப்பெரிய பற்சக்கரத்தை. முன்னே 34 பல், பின்னே 34 பல் இருந்தால் மிதி ஒரு சுற்று சுற்ற, சக்கரமும் ஒரே சுற்று சுற்றும். நிமிடத்துக்கு 60 மிதியில் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். அந்தக் காட்டில் சாதாரணக் கால்களுக்கு அது போதும். வண்டியின் எடையில் ஒரு கிலோ குறைப்பதற்குக் கடைக்காரர் கேட்கும் பணத்தைவிட, இரண்டு பல் கூடுதலாக உள்ள பற்சக்கரம் அதிக உதவி.

கேள்வி: எத்தனை மணி நேரம் ஆகும்?

பதில்: 2004இல் ஸ்பெயினின் இபான் மாயோ பெதுவானிலிருந்து 55 நிமிடம் 51 விநாடியில் ஏறினார். ஞாயிறு மட்டும் மிதிப்பவர் இரண்டரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளட்டும். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால், ஏற்றத்துக்கு மட்டுமே உடல் ஏறத்தாழ 1,300 கலோரி எரிக்கும். இருபது இட்லிக்குக் குறையாது.

கேள்வி: மின்சைக்கிளில் போனால் ஏறியதாகக் கணக்கா?

பதில்: தாராளமாக. ஐரோப்பிய விதிப்படி மோட்டார் 250 வாட். மிதித்தால்தான் உதவும், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் விலகிக்கொள்ளும். அறுபது வயதில் முழங்கால் வலியோடு உச்சியைப் பார்க்க வேறு வழி இல்லையென்றால், வெட்கப்பட என்ன இருக்கிறது?

கேள்வி: ஏறியாயிற்று. இறங்குவது சும்மாதானே?

பதில்: அதிகம் பயப்படவேண்டியது அதற்குத்தான். அடிவாரத்தைவிட உச்சி பத்து டிகிரியாவது குளிராக இருக்கும். வியர்த்த உடம்போடு இறங்கினால் விரல் மரத்து பிரேக் பிடிக்க வராது. சட்டைப் பையில் மடித்த காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டும் முழுக் கையுறையும் கட்டாயம். பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே இறங்கினால் அது சூடேறும். வளைவுக்கு முன்பே அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். எதிரே அதே சாலையில் மூச்சிரைக்க ஏறுபவர்கள் வருகிறார்கள். வலப்பக்கமே ஓட்டும் நாடு என்பது களைத்த மூளைக்கு மறந்துபோகும்.