குவாலிட்டி சார் வீட்டுக் கம்ப்யூட்டர்

இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் தயாராகத் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கம் நன்றாக விளையும் பயிர், கம்பெனியில் தரம் பார்க்கும் குவாலிட்டி சார். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் எங்கும் தெருவுக்கு ஒருவர் இருப்பார். நோக்கியா 2006-இல் வந்தது, 2014-இல் மூடியது. இவர் எங்கும் போகவில்லை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை மட்டும் மாற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையும் சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருக்கும். இட்லியைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு, "நேத்து பேட்ச் பரவாயில்ல" என்பார். அந்த வீட்டு அம்மா பதில் சொல்லி வருஷக்கணக்காகிறது.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பட்டனைத் தட்டினால் 'பீப்' 'பீப்' என்று கத்துகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. வாரன்டி இன்னும் பாக்கி. வேறு யாராவது என்றால் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுக் கத்துவார்கள். இவர் நோட்டை விரித்து, தேதி போட்டு, கோடு கிழித்துவிட்டுத்தான் போனையே எடுத்தார்.

"சார், பவர் கேபிளைக் கழட்டிட்டு, பட்டனை முப்பது செகண்ட் அழுத்திப் பிடிங்க."

"எதுக்கும்மா முப்பது? இருபதுல விட்டா என்ன ஆகும்?"

அந்தப் பெண்ணிடம் இருந்த தாளில் இதற்குப் பதில் இல்லை.

"ஒருவாட்டி ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன் சார்..."

"அது தற்காலிக ஏற்பாடும்மா. எனக்கு ரூட் காஸ் வேணும்."

ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்டால் கோளாறின் வேர் கையில் வந்துவிடும் என்பது டொயோட்டா உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். நம்மவர் மூன்றாவது 'ஏன்'-க்கு வரும்போதெல்லாம் லைன் கட்டாகிவிடும்.

இதே மனிதர்தான் பகலில், வாங்கினவன் புகார் அனுப்பினால், "எங்க பக்கம் எல்லாம் ஓகே, நீங்க இறக்கும்போது அடிபட்டிருக்கும்" என்று மெயில் தட்டிவிடுகிறவர். அதை நினைவூட்டினால், "அது வேற" என்பார்.

இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் இன்னொன்று உண்டு. டெக்னீஷியன் கூப்பிடுவது காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் சாரின் போன் கம்பெனி கேட் லாக்கரில் தூங்கும், உள்ளே கேமரா போனுக்கு அனுமதி கிடையாது. ஷிஃப்ட் முடிந்து எடுத்தால், 'வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை, புகார் முடிக்கப்பட்டது' என்று எஸ்.எம்.எஸ். சரி என்று மனைவி நம்பரைக் கொடுத்தார். அவர் வேலை பார்ப்பது எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், அங்கேயும் லாக்கர்தான். கடைசியில் கீழ்வீட்டுப் பாட்டியின் பட்டன் போன்தான் அவசரத்துக்கு உதவியது.

நடுவில் ஒருநாள், "உங்க பின்கோடுக்கு வீட்டு சர்வீஸ் கிடையாது சார், சென்னைக்குக் கொண்டு வாங்க" என்றார்கள். டப்பாவில் ஒட்டியிருந்த லேபிளில், தயாரித்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். சார் கோபப்படவில்லை. 2019-ஆம் வருடச் சட்டப்படி குடியிருக்கிற ஊரிலிருந்தே நுகர்வோர் வழக்குப் போடலாம் என்பதையும், 1915 என்ற ஹெல்ப்லைன் எண்ணையும், மீட்டிங்கில் படிப்பதுபோல நிதானமாகப் படித்துக்காட்டினார். மறுநாள் பையன் ஒருவன் தாம்பரத்திலிருந்து பைக்கில் வந்து இறங்கினான்.

மூடியைக் கழற்றினான். ராம் பட்டையை உருவி, சாரின் மகளிடம் அழிரப்பர் வாங்கி, அதன் பொன்னிற விளிம்பைத் தேய்த்து, 'டக்'கென்று திரும்பச் சொருகினான். திரை எரிந்தது.

சார் நோட்டைத் திறந்தார். "ஏன் ஃபெயில் ஆச்சு?"

"தூசி சார்."

"தூசி ஏன் வந்துச்சு?"

"ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருக்கே சார். வண்டலூர் - வாலாஜாபாத் ரோடு, ராத்திரி பகலா லாரி போகுது."

"ஏன் அவ்வளவு லாரி?"

"உங்க கம்பெனி லோடுதான் சார்."

பேனா நின்றது. ஆனாலும் பாடம் பாடம்தானே. "ஏன் திடீர்னு லோடு ஜாஸ்தி?"

"புதுசா ஒரு லைன் போட்டிருக்காங்களாமே சார்," என்றவன் பையிலிருந்து பயோடேட்டாவை எடுத்து நீட்டினான். "ஆள் எடுத்தா சொல்லுங்க சார்."

சார் வாங்கிப் படித்தார். சிவப்புப் பேனாவால் எழுத்துப் பிழைகளை வட்டம் போட்டு, "ரீவொர்க்" என்று திருப்பிக் கொடுத்தார்.