மாற்றம் வந்திருக்கிறது, கையெழுத்துப் போடவும்

முதல் ஸ்லைடிலேயே "மாற்றம் ஒன்றே மாறாதது" என்று வந்தது. அப்போதே எழுந்து வெளியே போயிருப்பேன். ஆனால் எங்களைக் கூட்டிவந்த வேன் டிரைவர் சாவியோடு எங்கேயோ போய்விட்டார். நடக்கலாமென்றால், மூணாறிலிருந்து கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்கு நடக்கிற வயதும் இல்லை. பாலக்காட்டுக் கிழக்கு எல்லைக்காரர்கள் இடுக்கிக்குப் போவதே ஒரு கூத்து. கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக கோபாலபுரத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொள்ளாச்சி, உடுமலை தாண்டி, சின்னாறு செக்போஸ்டில் மறுபடி கேரளத்துக்குள் வந்து, மறையூர் வழியாக மலை ஏற வேண்டும். அத்தனை வளைவிலும் வயிற்றில் இருந்ததெல்லாம் இடம் மாறிய பிறகு, மாற்றத்தைப் பற்றி ஒருவர் எனக்குப் பாடம் நடத்துகிறார்.

பயிற்சியின் பெயர் 'மாற்ற மேலாண்மை'. போன வாரம்தான் நடந்தது, எரிச்சல் இன்னும் ஆறவில்லை. உங்கள் ஆபீஸிலும் நடத்தியிருப்பார்கள். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, கைதட்டல் எல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்களுக்குக் கூடுதலாக பலூன். அதை ஊதி, மேலே உங்கள் பயத்தை எழுதி, உட்கார்ந்து உடைக்க வேண்டும். எங்கள் கேஷியர் 'டிரான்ஸ்ஃபர்' என்று எழுதினார். எல்லார் பலூனும் உடைந்தது, அவருடையது மட்டும் நழுவி நழுவி ஓடியது. அன்றிலிருந்து மனுஷர் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை.

பயிற்சியாளர் நல்ல பையன்தான். குர்ட் லெவின் என்கிற ஜெர்மானிய மனோதத்துவ அறிஞரை அறிமுகப்படுத்தினார். 1947-இல் வெளியான அவருடைய கட்டுரையின்படி, ஒரு கூட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் முதலில் உருக வைக்க வேண்டும், பிறகு மாற்ற வேண்டும், கடைசியில் மறுபடி உறைய வைக்க வேண்டும். திரையில் ஒரு ஐஸ்கட்டிப் படம். மூணாறில் வந்து உறைய வைப்பதைப் புகழலாமா? ஜனவரியில் செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கமெல்லாம் உறைபனி விழுந்து, காலை வெயில் பட்டதும் கொழுந்து கருகிப்போகும். எங்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்த ரிசார்ட் ஊழியர் எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவர். அந்த ஐஸ்கட்டியை அவர் பார்த்த பார்வையைப் பயிற்சியாளர் பார்க்கவில்லை.

அடுத்து எலிகள் வந்தன. 1998-இல் ஸ்பென்சர் ஜான்சன் எழுதிய சீஸ் கதை. சீஸ் இடம் மாறினால் எலி யோசிக்காமல் தேடிப் போய்விடுமாம், மனிதன்தான் உட்கார்ந்து புலம்புவானாம். எலிகளுக்குப் பின்னால் ஜான் கோட்டரின் பென்குயின்கள் வந்தன. அவற்றின் பனிப்பாறை உருகிக்கொண்டிருந்தது. மேலாண்மைப் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு மனிதர்களை உதாரணம் காட்டுவதில் என்ன கூச்சமோ தெரியவில்லை. விலங்குதான் வேண்டுமென்றால் இடுக்கியிலேயே இருந்ததே. சின்னக்கானலில் அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்துக்கொண்டிருந்த அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரல் 29-ஆம் தேதி மயக்க ஊசி போட்டு, ரேடியோ காலர் மாட்டி, லாரியில் ஏற்றிப் பெரியாறு புலிகள் காப்பகத்துக்கு மாற்றினார்கள். ஒரு மாதம் முடிவதற்குள் அது கம்பம் டவுனில் தெருவில் நடந்துகொண்டிருந்தது. ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனது. மேலிடம் போட்ட டிரான்ஸ்ஃபரை இதைவிடக் கம்பீரமாக யாரும் எதிர்த்ததில்லை என்று எழுந்து நின்றே சொன்னேன். "வெரி இன்டரஸ்டிங்" என்று சொல்லிவிட்டுப் பையன் அடுத்த ஸ்லைடைத் தட்டினார். கேஷியர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

அந்த இரண்டு நாளில் உருப்படியான விஷயம் ஒன்றே ஒன்று இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் ரிஜிஸ்டர்.

எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ரிஜிஸ்டர் போகவில்லை. பழநி முருகன் காலண்டர் அட்டையில் உறை போட்டு, முதுகில் துணி ஒட்டி, கயிறு கட்டி மேஜை மேல் கிடக்கிறது. சாஃப்ட்வேர் மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் "இன்று முதல் காகிதம் கிடையாது" என்று சுற்றறிக்கை வரும், காகிதத்தில், மூன்று பிரதியாக. அதை வரவு ரிஜிஸ்டரில் ஏற்றி, எல்லாரும் படித்ததாகக் கையெழுத்துப் போட்டு, ஃபைலில் கோத்தால்தான் காகிதம் ஒழிந்ததாக அர்த்தம்.

புதிய சாஃப்ட்வேரில் நேரடியாகப் பதிவு செய்ய யாருக்கும் மனம் வராது. முதலில் ரிஜிஸ்டரில் 'ரஃப்'பாக எழுதுவோம், பிறகு பார்த்துப் பார்த்துத் தட்டுவோம். சாயங்காலம் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திருத்தப்படுவது கம்ப்யூட்டர்தான். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியக் கூடாது என்று உத்தரவு. ஆகவே அது ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில், தெளிவான கையெழுத்தில், பழைய பாஸ்வேர்டுகளை அடித்து வரிசையாக இருக்கிறது. ஓ.டி.பி. வந்தால் அதையும் எழுதுகிறோம், பத்து நிமிஷத்தில் செத்துப்போகிற எண்ணை. ஆடிட்டில் கேட்டால்?

ஆடிட்டர் வந்தால் திரையைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். "புக் எங்கே?" என்பார். சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து பழுது பார்க்க வந்த பையன், கம்பெனி டீ-ஷர்ட்டோடு, மூன்று மணி நேரம் மண்டையைச் சொறிந்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "சாரே, பழைய ரிஜிஸ்டர் ஏதாவது உண்டா? டாலி பண்ணணும்."

வருகைப் பதிவுக்குப் பஞ்சிங் மெஷின் வைத்தார்கள். எங்கள் அட்டெண்டர் அக்கா காலம் முழுக்கப் பாத்திரம் தேய்த்த கை, ரேகை விழாது. ஆகவே மெஷின் பக்கத்திலேயே ஒரு ரிஜிஸ்டர், ரேகை விழாதவர்களுக்கு. பிறகு மெஷினே வேலை செய்யாத நாட்களைக் குறிக்க இன்னொன்று. இந்த இரண்டும் சரியாக எழுதப்படுகின்றனவா என்று வாரம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்திட மூன்றாவது. எந்த ரிஜிஸ்டர் எந்த அலமாரியில் என்று எழுதிவைத்த ரிஜிஸ்டரை இப்போது காணவில்லை. கரண்ட் போனால் அக்கா குரல் கேட்கும்: "சாரே, கரண்டு போச்சு. புக்கை எடுக்கட்டா?" அந்தக் குரலில் இருக்கிற நிம்மதியை எந்தச் சாஃப்ட்வேரும் இதுவரை தந்ததில்லை.

இத்தனைக்கும் சிகரம், பயிற்சி முடிவில் ஒவ்வொரு ஆபீஸுக்கும் ஒரு 'சேஞ்ச் சாம்பியன்' தேர்ந்தெடுத்தார்கள். நான் டீ குடிக்கப் போயிருந்ததால் ஏகமனதாக நான். ஆபீஸில் நடக்கும் மாற்றங்களைத் தேதிவாரியாகப் பதிவு செய்வது என் பொறுப்பாம். எதில் என்று கேட்டேன். ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள்.

(உருப்படியான விஷயத்துக்கு வருகிறேன். அவசரம் வேண்டாம்.)

இரண்டாம் நாள் ஸ்லைடு ஒன்று: "நீங்கள் ஊழியர் அல்ல, உரிமையாளர். அப்படி நினைத்தால் மாற்றம் தானாக வரும்." கோட்டரும் ஷ்லெசிஞ்சரும் 1979-இல் எழுதிய, எதிர்ப்பவர்களைச் சமாளிக்கும் ஆறு வழிகளும் கூடவே வந்தன. சொல்லிப் புரியவைப்பது, கூட்டுச் சேர்ப்பது, கைகொடுப்பது, பேரம் பேசுவது, நாசூக்காகக் காய் நகர்த்துவது, மிரட்டுவது. எங்கள் செக்ரட்டரி முதல் நான்கின்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி இரண்டைக் குறிப்பெடுத்தார்.

உரிமையாளராக நினைப்பது பற்றி மூணாறில் வந்து சொல்வதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். நான் சொன்ன உருப்படியான விஷயம் ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. அங்கே தெரிந்த மலையில் உரிமையை நினைத்துப் பார்க்கச் சொல்லவில்லை, பங்குப் பத்திரமாகவே கொடுத்தார்கள். 2005-இல் டாடா டீ இங்கே தோட்டம் நடத்துவதிலிருந்து விலகி, சிறுபான்மைப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டது. கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதுக் கம்பெனியில் பெரும்பான்மைப் பங்கு ஊழியர்கள் கைக்கு வந்தது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். பெரும்பாலும் தலைமுறைகளுக்கு முன்பு தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய குடும்பங்கள். காலையில் கொழுந்துக் கூடையோடு மலையேறுகிறவர், சாயங்காலம் லயத்துக்குத் திரும்பும்போது கம்பெனியின் சொந்தக்காரர். மேலாண்மை படித்தவர்கள் இதை மெச்சிப் பேசாத நாள் இல்லை.

பத்து வருஷம் கழித்து, 2015-இல், லாபம் குறைந்துவிட்டது என்று நிர்வாகம் போனஸை 10 சதவீதமாக்கியது. அதற்கு முந்தைய வருஷம் கிடைத்தது 19. அப்போது ஒரு உரிமையாளரின் நாள் கூலி 232 ரூபாய். செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண் உரிமையாளர்கள் தங்கள் சொந்தக் கம்பெனிக்கு எதிராகவே மூணாறு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். 20 சதவீத போனஸ், 500 ரூபாய் கூலி என்று கேட்டார்கள். சமாதானம் பேச வந்த தொழிற்சங்க ஆண் தலைவர்களைக் கட்சி பார்க்காமல் விரட்டினார்கள். உள்ளூர் எம்.எல்.ஏ.வுக்கும் அதே மரியாதை. அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் அச்சுதானந்தன் வந்தபோது மட்டும் இடம் விட்டார்கள். அவரும் கூடவே உட்கார்ந்தார். பெண்கள் ஒற்றுமை என்று பொருள்படும் பெம்பிளை ஒருமை என்ற அவர்களுடைய இயக்கத்தின் பெயர் அப்படித்தான் நாடு முழுக்கத் தெரிந்தது. ஒன்பது நாளில், செப்டம்பர் 13-ஆம் தேதி, முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் 20 சதவீதம் முடிவானது: 8.33 போனஸ், மிச்சம் எக்ஸ் கிரேஷியா. இன்னொரு சுற்றுப் போராட்டத்துக்குப் பிறகு அக்டோபரில் கூலி 301 ஆனது. 500 ஆகவில்லை. தலைவிகளும் பிற்பாடு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அதை மறைத்துக் காவியம் பாட எனக்கு விருப்பமில்லை.

ஆனாலும் ஒன்பது நாளில் ஒரு கம்பெனி, பல கொடிகளின் தொழிற்சங்கங்கள், ஒரு மாநில அரசு என எல்லாரையும் நகர்த்தியவர்கள் யாரும் பலூன் ஊதவில்லை. போனஸ் 19 ஆக இருந்தது, 10 ஆகிவிட்டது. கணக்குத் தெரிந்தவர்கள் கேட்டார்கள். நம் ஸ்லைடில் இதற்குப் பெயர் 'மாற்றத்துக்கு எதிர்ப்பு'. இதை டீ இடைவேளையில் பயிற்சியாளரிடம் சொன்னேன். பையன் உண்மையாகவே ஆர்வமாகக் கேட்டார், போனில் தேடினார், சிக்னல் இல்லை. ரிசார்ட் ஊழியரிடம் கேளுங்கள் என்றேன். அதற்குள் குரூப் ஃபோட்டோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சான்றிதழ் ஈ-மெயிலில் வந்திருக்கிறது. பிரிண்ட் எடுத்துச் சர்வீஸ் புக்கில் ஒட்டச் சொல்லி செக்ரட்டரி உத்தரவு. பிரிண்டர் ஓடவில்லை, கரண்ட் இல்லை. எங்கள் இன்வெர்ட்டர் பேட்டரி செத்து மாதங்கள் ஆகின்றன. நிதி இல்லை என்று அதன் கோரிக்கைக் கடிதம் திரும்பி வந்துவிட்டது. ஆகவே மேலிடத்தில் இருக்கிற பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பயிற்சிக்கு ரிசார்ட் புக் செய்வதற்கு முன்னால், அதில் இரண்டு அறை வாடகையை மிச்சம் பிடித்து எங்களுக்கு ஒரு பேட்டரி வாங்கிக் கொடுங்கள். 150 ஏ.எச். போதும்.